ரேஞ்சில் துப்பாக்கி மக்கர் பண்ணினால் முதல் ஒரு நிமிடம் என்ன செய்வது?

புதுலேன்4:

வணக்கம் நண்பர்களே. .22 பிஸ்டலும் .22 போல்ட் ரைஃபிளும் (போல்ட் என்பது கையால் இழுத்துத் திறந்து மூடும் பூட்டு) சுடுகிற ரேஞ்சுக்காக ஒரு பக்கத் தாள் தயார் பண்ணுகிறேன், ஒவ்வொரு லேனிலும் ஒட்டி வைக்க. பேரலை எந்தப் பக்கம் காட்டுவது, விரலை எங்கே வைப்பது எல்லாம் எல்லோருக்கும் அத்துப்படி. ட்ரிகரை அழுத்தியும் வெடிக்கவில்லை என்றால்தான் ஆளுக்கொரு பழக்கம். ஒருவர் பட்டென்று ஸ்லைடை, அதாவது பிஸ்டலில் முன்பின் நகரும் பகுதியை, இழுக்கிறார். ஒருவர் துப்பாக்கியைச் சாய்த்து எட்டிப் பார்க்கிறார். இன்னொருவர் அப்படியே மேசையில் வைத்துவிட்டு ரேஞ்ச் ஆபீசரைத் தேடிப் போகிறார்.

எனக்குத் தெளிவு வேண்டியவை: எத்தனை வினாடி காத்திருப்பது? வெடிக்காத தோட்டாவை மறுபடி அடிக்கலாமா? எதை நாமே சரிசெய்யலாம், எதில் கையை எடுத்துவிட வேண்டும்? வீடியோக்களில் காட்டுகிற "தட்டு, இழு, சுடு" முறையைப் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாமா?

பித்தளைத்தண்டு:

தாளில் பழுதுகளின் பெயர்களை வரிசையாக அடுக்காதீர்கள். லேனில் நிற்பவருக்கு அந்த நேரத்தில் பெயரா ஞாபகம் வரும்? காதில் என்ன விழுந்தது, கையில் எப்படி உதைத்தது, அவ்வளவுதான் தெரியும். அதை வைத்தே பிரியுங்கள். ஒன்று, வெறும் "டிக்". இரண்டு, வழக்கமான சத்தம் இல்லாமல் "புஸ்" என்றோ "பொத்" என்றோ மந்தமாக ஒரு வெடி. மூன்று, நன்றாகவே வெடித்தது, ஆனால் ஸ்லைடு பாதியில் நிற்கிறது. நான்கு, ட்ரிகர் செத்துக் கிடக்கிறது.

எதுவானாலும் முதலில் செய்வது ஒன்றே. விரல் ட்ரிகர் கார்டுக்கு வெளியே. பேரல் டார்கெட் பக்கமே. பிடித்த கை பிடித்தபடி இருக்க, மற்ற கை மேலே போகும். சாய்த்து எட்டிப் பார்ப்பதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். அப்படிச் சாய்க்கும்போது பேரல் பக்கத்து லேன் பக்கம் திரும்புகிறது, முகம் கேஸ் (தோட்டாவின் பித்தளைக் கூடு) வெளியேறும் ஜன்னலுக்கு நேராக வருகிறது. மேசையில் வைத்துவிட்டுப் போவது அதைவிட மோசம். சேம்பரில், அதாவது பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடத்தில், உயிருள்ள தோட்டா இருக்கலாம், அது ஆளில்லாமல் கிடக்கிறது.

இப்போது "டிக்". தோட்டாவை அடிக்கும் ஊசியான "பின்" அடித்தும் வெடிக்கவில்லை என்றால் பெரும்பாலும் அது செத்த தோட்டாதான். ஆனால் சில நேரம் அடி பட்டதும் முதலில் பற்றுகிற ப்ரைமர் மருந்து பற்றியிருக்கும், அது குண்டைத் தள்ளும் பவுடருக்குத் தாவத் தாமதமாகும். அதுதான் ஹேங்ஃபயர். இந்தக் காலத் தோட்டாக்களில் அந்தத் தாமதம் பெரும்பாலும் ஒரு வினாடிக்குள் முடிந்துவிடும். அப்புறம் எதற்கு 30 வினாடி என்று கேட்பார்கள். சேம்பருக்குள் வெடித்தால் சுற்றிலும் இரும்பு தாங்கும், குண்டும் டார்கெட் பக்கம் போய்விடும். அதே தோட்டா பாதி வெளியே வந்த நிலையில் வெடித்தால் தாங்குவதற்கு ஒன்றுமில்லை. பித்தளைக் கேஸ் கிழிந்து சில்லு சில்லாகக் கண்ணுக்கும் விரலுக்கும் வரும். அங்கே குண்டைவிடச் சில்லுதான் ஆபத்து. எனவே குறைந்தது 30 வினாடி. ரேஞ்ச் விதி 60 என்றால் 60. வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள், பதற்றத்தில் மனதுக்குள் எண்ணுகிற 30 சீக்கிரமே தீர்ந்துவிடும்.

காத்திருந்த பிறகு எதை முதலில் செய்வது என்பது முக்கியம். பிஸ்டலில் முதலில் தோட்டாக்கள் அடுக்கிய மேகசின் வெளியே வர வேண்டும், அப்புறம்தான் ஸ்லைடு. மாற்றிச் செய்தால் செத்த தோட்டா வெளியே போன கையோடு அடுத்தது சேம்பரில் ஏறி உட்கார்ந்துவிடும். அதற்குப் பிறகு மேகசினை உருவிவிட்டுத் துப்பாக்கி காலி என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். ஸ்லைடை இழுக்கும்போது ஜன்னலை உள்ளங்கையால் மூடி, வரும் தோட்டாவைப் பிடிக்கிற பழக்கமும் சிலருக்கு உண்டு. தோட்டா தரையில் விழட்டும். மூடிய கைக்குள் அது புரண்டு அடிப்பாகம் எஜெக்டரில் (தோட்டாவை வெளியே தட்டிவிடும் முனை) இடித்தால் கைக்குள்ளேயே வெடிக்கலாம்.

வந்த தோட்டாவின் ரிம்மை, அதாவது அடி விளிம்பை, பாருங்கள், பாதி விடை அதில்தான் இருக்கிறது. .22 தோட்டாவில் தனியாக ப்ரைமர் கிடையாது. அடி விளிம்பின் உள் மடிப்பில் மருந்தைச் சுழற்றிப் பரப்பியிருப்பார்கள். ஓரிடத்தில் பரவாமல் விட்டிருந்தால், அங்கே பின் எவ்வளவு பலமாக அடித்தாலும் பிரயோசனமில்லை. ஆக, தடம் ஆழமாகத் தெளிவாக இருந்தால் பழி தோட்டா மேல். தடம் மேலோட்டமாக இருந்தால் பழி துப்பாக்கி மேல்: பின் ஓடும் குழியில் கெட்டிப்பட்ட எண்ணெய், தளர்ந்த ஸ்பிரிங், தேய்ந்த பின் நுனி, முழுதாக மூடாத போல்ட். தடமே இல்லையென்றால் சேஃப்டி போட்டிருக்கிறது, அல்லது பின் உடைந்திருக்கிறது. வெளியே தோட்டாவே வரவில்லை என்றால் உள்ளே ஏறாமல் இருந்திருக்கலாம், அல்லது உள்ளேயே மாட்டியிருக்கலாம்.

மறுபடி அடிக்கலாமா என்றால், பயிற்சியில், ரேஞ்ச் விதி அனுமதித்தால், அரை வட்டம் திருப்பிப் போட்டு ஒரே ஒரு தடவை. அதற்கும் மசியாவிட்டால் செத்த தோட்டாப் பெட்டிக்குப் போகட்டும். வேறொருவர் துப்பாக்கியில் போட்டுப் பார்ப்பது கூடாது.

சிக்ஸ்ஓக்ளாக்:

தட்டு-இழு முறையை அடியோடு ஒதுக்க வேண்டியதில்லை. பிஸ்டலில் பல "டிக்"குகள் மேகசின் முழுதாக மாட்டாமல் வருபவை. அடியில் ஒரு தட்டு, ஸ்லைடை ஓர் இழுப்பு, தீர்ந்தது. நேரக் கணக்கு உள்ள பிராக்டிகல் போட்டியில் 30 வினாடி எண்ணிக்கொண்டு நின்றால் ஸ்டேஜே முடிந்துபோகும். அங்கே இது அரிச்சுவடிப் பாடம்.

ஓசைகேள்:

பிராக்டிகல் சுடுபவர்களுக்கு அது சரி. "டிக்"கையும் "புஸ்"ஸையும் பிரித்தறியப் பழகிய காது அவர்களுக்கு, முதுகுக்குப் பின்னாலேயே "ஸ்டாப்" சொல்ல ஓர் ஆபீசரும் இருக்கிறார். புதியவர் கையில் அதே பழக்கம் பேரலைக் கிழிக்கும். இந்த இழையில் ஒன்றை மட்டும் தாளில் போட இடமிருந்தால் நான் ஸ்க்விப்பைத்தான் போடுவேன்.

ஸ்க்விப் என்பது பவுடர் இல்லாத, அல்லது மிகக் குறைவாக விழுந்த தோட்டா. ப்ரைமர் மருந்து மட்டும் எரிந்தாலே குண்டைக் கேஸிலிருந்து பிடுங்கிப் பேரலுக்குள் தள்ளிவிடும். வெளியே தள்ளத்தான் அதற்குத் தெம்பு இருக்காது. குண்டு ரைஃப்ளிங்கை (பேரலின் உள்ளே உள்ள சுருள் பள்ளங்கள்) கவ்விக்கொண்டு பாதி வழியில் நின்றுவிடும். உதை இல்லாததால் ஸ்லைடும் பின்னால் வராது, அடுத்த தோட்டா தானாக ஏறாது. பலர் பிழைத்துப் போவது இதனால்தான். அந்த நேரத்தில் தட்டி இழுத்தால் என்ன ஆகும்? காலிக் கேஸ் வெளியே, புதுத் தோட்டா உள்ளே. அடுத்த அழுத்தலில் முழு வேகத்தில் வரும் குண்டு, உள்ளே நிற்கும் குண்டில் போய் மோதும். கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தால் பேரலில் ஒரு வளைய வீக்கத்தோடு போகும். இல்லையென்றால் பேரல் பிளக்கும்.

உள்ளே நிற்கும் குண்டு சேம்பரை ஒட்டியே இருந்தால் புதுத் தோட்டா முழுதாக ஏறாது, போல்டும் மூடாது. அப்போது கைக்கு வரும் முதல் புத்தி அழுத்தி மூடுவது. மூட மறுக்கிற போல்டை அழுத்தி மூடக்கூடாது என்பதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

அடையாளம் காண்பது சத்தத்தால் மட்டும் முடியாது. காதில் மஃப், பக்கத்து லேனில் தொடர்ந்து வெடி, இதற்கு நடுவில் "புஸ்" காதிலேயே விழாமல் போகலாம். உதை இல்லை, டார்கெட்டில் புது ஓட்டை இல்லை, எலெக்ட்ரானிக் டார்கெட் என்றால் திரையில் ஷாட் பதிவாகவில்லை, ஜன்னல் வழியாக வழக்கத்துக்கு மாறாகப் புகை கசிகிறது. இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலே நிறுத்திவிட வேண்டும். தாளில் ஓட்டை இல்லாததை "குறி தவறிவிட்டது" என்று நினைத்து அடுத்ததைச் சுடுவதுதான் இதில் பெரிய பொறி.

சந்தேகம் வந்தால் முதலில் அதே 30 வினாடி. பிறகு மேகசினை எடுத்து, ஸ்லைடைத் திறந்து பூட்டி, சேம்பர் காலியா என்று கண்ணாலும் சுண்டுவிரல் நுனியாலும் உறுதிப்படுத்துங்கள். ரைஃபிள் என்றால் போல்டைக் கழற்றிவிட்டுப் பின்பக்கத்திலிருந்து பேரலுக்குள் பாருங்கள். பிஸ்டலில் அப்படிப் பார்க்க வழியில்லை என்றால், புல்வெட்டும் இயந்திரத்தில் போடுகிற பளிச் நிற நைலான் இழையில் பேரலைவிட நீளமாக ஒரு துண்டு வைத்துக்கொள்ளுங்கள். சேம்பர் வழியாக விட்டால் இழையின் நுனி பேரலின் வாய் வழியே வெளியே தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அடைப்பு. இழைக்குச் செலவு குறைவுதான், லேனுக்கு ஒன்று தொங்கவிடலாம்.

எடுக்கும் வேலை லேனில் வேண்டாம். துப்பாக்கியைத் தோல் சுற்றி வைஸில் (மேசைப் பிடிகருவி) பிடித்து, குண்டுக்கு இரண்டு பக்கமும் ஊடுருவும் எண்ணெய் நாலைந்து சொட்டு விட்டுக் கொஞ்ச நேரம் ஊறவிட வேண்டும். .22க்கு 4.5 முதல் 5 மி.மீ. வரை பருமனுள்ள பித்தளைத் தண்டு, முனை தட்டையாக இருக்க வேண்டும். கூர்முனை ஈயத்துக்குள் இறங்கி அதை விரித்து இன்னும் இறுக்கிவிடும். மரக்குச்சியும் வேண்டாம், இவ்வளவு மெல்லிய குச்சி சிம்பாகப் பிளந்து குண்டின் பக்கவாட்டில் ஆப்பாக இறங்கும். பேரலின் வாய் விளிம்பில் தண்டு உரசாதபடி ஒரு கைடு போட்டு, சிறு சுத்தியலால் சின்னச் சின்னத் தட்டுகளாக வாய்ப் பக்கத்திலிருந்து சேம்பர் பக்கம் தள்ளுங்கள். குண்டு இல்லாத தோட்டாவை வெடித்து ஊதித் தள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அவரை வைஸ் பக்கமே சேர்க்காதீர்கள்.

எடுத்த பிறகு துணி சுற்றிய தண்டை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் பிடிப்பு திடீரென்று விட்டுப் பிறகு மறுபடி இறுகினால் அங்கே பேரல் வீங்கியிருக்கிறது. வெளிச்சத்தில் பார்த்தால் கறுப்பு வளையம் தெரியும். அந்தப் பேரல் அத்தோடு முடிந்தது.

புதுலேன்4:

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். ரைஃபிளில் உயிருள்ள தோட்டா உள்ளேயே மாட்டிக்கொண்டு எக்ஸ்ட்ராக்டர் (தோட்டாவை வெளியே இழுக்கும் கொக்கி) ரிம்மை விட்டு நழுவினால், இதே தண்டை வாய்ப் பக்கமாக விட்டுத் தள்ளலாமா? போட்டி நடக்கும்போது என்ன விதி? அங்கே மேகசினை எடுப்பதா, வேண்டாமா?

அஞ்சரைமில்லி:

முதல் கேள்விக்கு: கூடவே கூடாது. தண்டு வேலை, சேம்பரில் உயிருள்ள தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான். உயிருள்ள தோட்டாவை முன்பக்கமிருந்து தள்ளும்போது அது வெடித்தால் தண்டே அம்பாகப் பாயும், தள்ளுகிற கை அதன் வழியில் இருக்கும். ஸ்டீல் ஸ்க்ரூடிரைவரால் ரிம்மை நெம்புவதும் அதே ரகம். .22இல் மருந்து இருப்பதே அந்த விளிம்பில்தானே! பேரலை டார்கெட் பக்கம் வைத்தபடி, துப்பாக்கி பழுது பார்க்கும் ஆர்மரரைக் கூப்பிடுங்கள். காலிக் கேஸ் ஒட்டிக்கொண்டதா, உயிருள்ள தோட்டாவா என்று தெரியாவிட்டால் உயிருள்ளது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மேட்ச் ரைஃபிளில் இன்னொரு தொல்லை உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. அந்தச் சேம்பர்கள் இறுக்கமானவை, போல்டை மூடும்போதே ஈயக் குண்டின் மூக்கு ரைஃப்ளிங்கில் பதிந்துவிடும். "அன்லோட்" என்றதும் சுடாத தோட்டாவை வெளியே இழுத்தால், கேஸ் மட்டும் வந்து குண்டு உள்ளேயே நின்றுவிடலாம். பவுடர் முழுக்க ஆக்‌ஷனுக்குள் கொட்டும். வெளியே வந்ததில் குண்டு இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். இல்லையென்றால் அது ஸ்க்விப்புக்குச் சமம், பேரல் அடைபட்டிருக்கிறது. குண்டை எடுத்த பிறகும் வேலை முடிவதில்லை. பவுடர் துகள்கள் ட்ரிகருக்குள் இறங்கியிருக்கும். ரைஃபிளைக் கவிழ்த்துத் தட்டி, ட்ரிகர் யூனிட்டைச் சுத்தம் செய்யாமல் மறுபடி தோட்டா ஏற்ற வேண்டாம். லேசான அழுத்தத்திலேயே விடுபடும்படி அமைத்த ட்ரிகரில் ஒரு துகள் சிக்கினாலும் பின்னைப் பிடித்து வைக்கும் கொக்கியான சீயர் பாதியில் நிற்கும்.

ஏன் இப்படி நடக்கிறது என்று பார்த்தால் மூலகாரணம் பெரும்பாலும் அழுக்கு. .22 குண்டின் மேல் பூசிய மெழுகும் எரிந்த கரியும் சேம்பரின் முன் விளிம்பில் வளையமாகப் படியும். தோட்டா முழுதாக உட்காராது. பின்னின் முதல் அடி தோட்டாவை உள்ளே தள்ளுவதிலேயே தீர்ந்துவிடும், இரண்டாவது அடியில்தான் வெடிக்கும். "முதல் தடவை டிக், மறுபடி காக் பண்ணினால் வெடிக்கிறது" என்று ஒருவர் சொன்னால் தோட்டாவைத் திட்டும் முன் சேம்பரைத் தேயுங்கள். வெண்கலப் பிரஷ்ஷில் கரைப்பான் தொட்டு, சேம்பரில் முழுச் சுற்றாகத் திருப்பி, பத்து நிமிடம் விட்டுத் துடைக்க வேண்டும். எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்கு அடியில் சேரும் கரியைப் பல்குத்தும் குச்சியால் சுரண்டலாம். கொக்கி ரிம்மைப் பிடிக்காமல் நழுவுவது பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. பின் ஓடும் குழியில் எண்ணெய் விடாதீர்கள். அது கரியோடு கலந்து பசையாகி அடியின் வேகத்தைக் குறைக்கும். காய விட்டால் போதும்.

வெடித்த பிறகு கேஸ் ஜன்னலில் நட்டுக்கொண்டு நிற்பது, இரண்டு தோட்டா ஒன்றாக நுழைந்து சிக்குவது, இரண்டையும் பயிற்சியில் நாமே எடுக்கலாம். சிக்கிய ஸ்லைடைப் பின்னால் இழுத்துப் பூட்டி, மேகசினை உருவி, மூன்று தடவை முழுதாக இழுத்துவிட்டு, திறந்து பூட்டிப் பாருங்கள். நட்டு நிற்கும் கேஸ் என்றால் மேகசின் சிக்கலில்லாமல் வரும், அதை முதலிலேயே எடுத்துவிடலாம். கேஸைத் தட்டிவிடக் கையைப் பேரல் வாய்க்கு முன்னால் கொண்டுபோகக் கூடாது. காரணம் பலவீனமான தோட்டா, அழுக்குச் சேம்பர், தளர்ந்த மணிக்கட்டு. மேட்ச் பிஸ்டல்களின் ஸ்பிரிங், வினாடிக்கு 320 மீட்டரை ஒட்டிய ஸ்டாண்டர்ட் வேகத் தோட்டாவுக்கு ஏற்ப அமைந்தது. "நன்றாக உதைக்கட்டும்" என்று ஹை வெலாசிட்டி போட்டு இதைத் தீர்க்கப் பார்த்தால் ஸ்லைடும் ஃபிரேமும் அடிவாங்கும்.

மேகசின் நிரப்பும்போது மேல் தோட்டாவின் ரிம், கீழ்த் தோட்டாவின் ரிம்முக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போனால் ஒன்றையொன்று கொக்கிபோட்டுக்கொள்ளும், நடு மேகசினில் ஜாம் நிச்சயம். மேகசின்களுக்கு மார்க்கரால் 1, 2, 3 என்று எண் போடுங்கள். "இந்தத் துப்பாக்கி ஜாம் ஆகிறது" என்ற புகாரில் பாதி, "2ஆம் நம்பர் மேகசினின் உதடு விரிந்திருக்கிறது" என்பதாக முடியும்.

ஜூரிமேசை:

போட்டி விதியைப் பற்றி. 25 மீட்டர் பிஸ்டல் போட்டிகளில் ஐ.எஸ்.எஸ்.எஃப். (சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பு) விதி பழுதை இரண்டாகப் பிரிக்கிறது: அனுமதிக்கப்பட்டது, அனுமதிக்கப்படாதது. தோட்டா வெடிக்கவில்லை, குண்டு பேரலில் நின்றது, ட்ரிகர் அமைப்பு வேலை செய்யவில்லை, காலிக் கேஸ் வெளியேறவில்லை, இவையெல்லாம் முதல் ரகம். சேஃப்டியை எடுக்க மறந்தது, தோட்டாவே போடாதது, குறைவாகப் போட்டது, தவறான தோட்டா, மேகசினைச் சரியாக மாட்டாதது, முந்தைய ஷாட்டுக்குப் பிறகு ட்ரிகரை முழுதாக விடாதது, இவை இரண்டாவது ரகம். அதில் சுடாத ஷாட்டுகளுக்குப் பூஜ்யம்தான்.

பலர் கோட்டைவிடும் இடம் இன்னொன்று. ஆபீசர் பார்க்கும் முன் போல்டையோ மெக்கானிசத்தையோ சேஃப்டியையோ நீங்கள் தொட்டுவிட்டால், காரணம் நூறு சதவீதம் நியாயமானதாக இருந்தாலும் அது அனுமதிக்கப்படாத பழுதாகிவிடும். அதனால் போட்டியில் மேகசினையும் தொடக்கூடாது. பிடியை விடாமல், பேரலை டார்கெட் பக்கம் வைத்தபடி, காலியான கையை உயர்த்தி ஆபீசருக்குச் சொல்ல வேண்டும்.

வெளியே பார்த்துக் காரணம் தெரியவில்லை என்றால், ஆபீசர் துப்பாக்கியை மெக்கானிசம் தொடாமல் வாங்கி, பாதுகாப்பான திசையில் காட்டி, ஒரே ஒரு தடவை ட்ரிகரை அழுத்திப் பார்ப்பார். பேரலில் குண்டு நின்றிருக்கலாம் என்று நீங்கள் சொல்லியிருந்தால் இதைச் செய்ய மாட்டார். ஆகவே "புஸ்" என்று கேட்டிருந்தால், அவர் துப்பாக்கியைக் கையில் வாங்கும் முன்பே "பேரலில் குண்டு இருக்கலாம்" என்று வாய்திறந்து சொல்ல வேண்டும். கூச்சப்பட்டுச் சும்மா இருந்தால் அவர் கை ஆபத்தில்.

10 மீட்டர், 50 மீட்டரில் பழுது பார்க்கவோ வேறு துப்பாக்கிக்கு மாறவோ வழி உண்டு, மாற்றுத் துப்பாக்கியும் எக்விப்மென்ட் கன்ட்ரோலில் தேறியிருக்க வேண்டும். லேனை விட்டு வெளியே எடுத்துப் போகும் முன் தோட்டா இல்லை என்று ஆபீசர் பார்த்து, சேம்பரில் பளிச் நிறக் கொடி செருக வேண்டும். நீங்கள் 30 எண்ணிக்கொண்டிருக்கும்போதே "ஸ்டாப், அன்லோட்" வந்துவிட்டால் அவசரப்பட்டுத் திறக்காதீர்கள். கையை உயர்த்தி, உள்ளே வெடிக்காத தோட்டா இருக்கிறது என்று சத்தமாகச் சொல்லுங்கள். மொத்த வரிசையும் உங்களுக்காகக் காத்திருக்கும். யாரையும் டார்கெட் பக்கம் விடமாட்டார்கள்.

ஏர் பிஸ்டல், ஏர் ரைஃபிளில் ஹேங்ஃபயர் கிடையாது, அடைப்பு உண்டு. சிலிண்டரில் காற்று இறங்கிப்போய் பெல்லட் பாதியில் நிற்கும், அல்லது மறதியில் இரண்டு பெல்லட் ஏறும். தண்டால் தள்ளுங்கள், இன்னும் காற்றடித்துத் தள்ளப் பார்க்காதீர்கள். 200 பார் காற்றோடு இருக்கும் சிலிண்டரின் வால்வைக் கழற்றுவதும் வேண்டாம்.

இரட்டைக்குழல்:

கேட்டது .22 பற்றி என்றாலும், அதே ரேஞ்சில் ரிவால்வரோ ஷாட்கன்னோ வந்தால் இந்தத் தாளை அப்படியே நம்ப முடியாது, அதனால் ஒரு வார்த்தை.

ரிவால்வரில் "டிக்" என்றதும் மறுபடி ட்ரிகரை அழுத்தினால் சிலிண்டர் சுழன்று, அடி வாங்கிய தோட்டா பேரலின் நேர்கோட்டை விட்டு விலகிவிடும். அது அப்போது வெடித்தால் குண்டு போகப் பாதையே இல்லை. 30 வினாடி முடியும்வரை சிலிண்டரை அசைக்கக்கூடாது. ஸ்க்விப் குண்டு பாதி சிலிண்டரிலும் பாதி பேரலிலுமாக நின்றால் சிலிண்டர் பூட்டிக்கொள்ளும், பலம் காட்டாமல் ஆர்மரரிடம் விடுங்கள். திறந்து மூடும்போது மட்டும் இறுகினால், எக்ஸ்ட்ராக்டர் நட்சத்திரத்தின் அடியில் எரியாத பவுடர் துகள் இருக்கிறதா பாருங்கள்.

12 போர் ஷாட்கன்னில் (போர் என்பது குழல் அளவு) அதைவிட ஒல்லியான 20 போர் தோட்டா ஒன்று கலந்துவிட்டால், அது சேம்பரைத் தாண்டி முன்னால் வழுக்கிப்போய்க் குழல் ஒடுங்கும் இடமான கோனில் உட்காரும். "டிக்" மட்டும் கேட்கும். திறந்தால் சேம்பர் காலி. தோட்டா போட மறந்துவிட்டோம் போல என்று 12 போர் ஒன்றைப் போட்டு மூடி அழுத்தினால் பேரல் இடது கைக்கு மேலேயே வெடிக்கும். 20 போர் ஓடுகளை மஞ்சள் நிறத்தில் செய்கிற வழக்கமே இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான். மந்தமாக வெடித்தாலும் இதே எச்சரிக்கை வேண்டும், பிளாஸ்டிக் வாட் (ரவைக்கும் பவுடருக்கும் நடுவில் இருக்கும் அடைப்பு) உள்ளே நின்றிருக்கலாம். திறந்து, தோட்டாக்களை எடுத்து, இரண்டு குழல் வழியாகவும் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்தது.

புதுலேன்4:

தாளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. பயிற்சிக்கும் போட்டிக்கும் தனித்தனித் தாள் போடுகிறேன், மேகசின் விஷயத்தில் இரண்டும் வேறுபடுகிறதே. கடைசியாக, செத்த தோட்டாப் பெட்டியை எப்படி வைப்பது? பழுது பார்த்த துப்பாக்கியை எப்போது மறுபடி லேனுக்கு விடலாம்?

பித்தளைத்தண்டு:

பெட்டிக்கு மூடி இருக்கட்டும், ஆனால் காற்றுப் புகாமல் இறுக அடைக்கும் கனமான இரும்பு டப்பா வேண்டாம். நெருப்பில் மாட்டினால் உள்ளே அழுத்தம் ஏறும். காலிக் கேஸ் வாளியின் பக்கத்திலேயே வைக்காதீர்கள். பழைய பித்தளையோடு ஒரு வெடிக்காத தோட்டா கலந்து உருக்குகிற உலைக்குப் போனால் யாரோ ஒருவர் கண் போகும். தண்ணீரிலோ எண்ணெயிலோ ஊறப்போட்டால் செத்துவிடும் என்பதையும் நம்பாதீர்கள், பிழைத்துக்கொள்கிற தோட்டாக்கள் உண்டு. பிரித்து மருந்தைக் கொட்டுவதும் வேண்டாம். உங்கள் சட்டப்படி யாரிடம் ஒப்படைக்க வேண்டுமோ அவரிடம் எண்ணிக்கை எழுதி ஒப்படைத்துவிடுங்கள்.

துப்பாக்கிக்கு ஒரு அட்டை கட்டுங்கள். "ஜாம்" என்று ஒற்றை வார்த்தை எழுதினால் ஆர்மரருக்கு ஒன்றும் புரியாது. என்ன சத்தம், எத்தனையாவது ஷாட், எந்த மேகசின், தோட்டாப் பெட்டியின் லாட் (தயாரிப்புத் தொகுதி) எண், ரிம்மில் தடம் ஆழமா மேலோட்டமா. இவ்வளவு எழுதினால் போதும். அவர் முதலில் செய்வது மாற்றிப் பார்ப்பதுதான்: அதே துப்பாக்கியில் வேறு லாட், அதே லாட்டை வேறு துப்பாக்கியில், இந்தத் தடவை பின் அடி வாங்காத புதுத் தோட்டாக்களோடு. 50 தோட்டாப் பெட்டியில் இரண்டு மூன்று, எந்தத் துப்பாக்கியிலும் வெடிக்க மறுத்தால் அந்த லாட்டையே ஒதுக்கிவைக்கலாம்.

சில பழுதுகளுக்கு மாற்றிப் பார்ப்பதும் கிடையாது, அன்றைக்கே துப்பாக்கி வரிசையை விட்டுப் போக வேண்டும்: ஒரே அழுத்தலில் இரண்டு வெடித்தது, போல்டை மூடும்போதே வெடித்தது, சேஃப்டியை எடுத்ததும் வெடித்தது. முதலாவதும் மூன்றாவதும் பெரும்பாலும் சீயர் அல்லது ட்ரிகர் கோளாறு. நடுவில் உள்ளது பெரும்பாலும் பின் முன்னால் நீட்டியபடி சிக்கிக்கொண்டது. எண்ணெய் போட்டால் சரியாகிவிடும் என்கிற வகை இல்லை இவை.

திரும்பி வந்ததும் முழு மேகசினோடு தொடங்காதீர்கள். முதலில் காலியாக வைத்து சேஃப்டி, ட்ரிகர், ஸ்லைடு பூட்டு. .22இல் இதற்கு ஸ்னாப் கேப் (மருந்தில்லாத போலித் தோட்டா) போடுங்கள், காலிச் சேம்பரில் அடித்தால் சில துப்பாக்கிகளில் பின் போய்ச் சேம்பர் விளிம்பை நசுக்கும். அப்புறம் ஒரே ஒரு தோட்டா. அப்புறம் மேகசினில் இரண்டு, இரட்டையாக வெடிக்கிற கோளாறு மிச்சமிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும், மூன்றாவது தோட்டா உள்ளே இருக்காது. பிறகு ஐந்து ஐந்தாக, எண் போட்ட ஒவ்வொரு மேகசினிலும் இரண்டு சுற்று. தடங்கலில்லாமல் ஓடினால் அட்டையைக் கழற்றலாம்.